குப்புறப் படுத்துப் பேசிய நாட்கள்

முதலில் அதைப் பனி என்றுதான் நினைத்தேன்.

பண்டாரவளைப் பக்கத்தில் வருடத்தில் பாதி நாள் அப்படித்தான். எதிரே வருகிறவர் யாரென்பது முகத்தால் அல்ல, இருமலால் தெரியும். பனி தேயிலைக்குள் இறங்கும், லயத்து வரிசைவீட்டுக் கூரைமேல் உட்காரும், சொல்லாமல் எழுந்து போகும். ஆகவே என் வலது கண்ணின் மூலையிலிருந்து ஒரு சாம்பல் திரை மெல்ல ஏறி வந்தபோது நான் அதிசயப்படவில்லை. அதற்கு முன்பே கண்ணுக்குள் கரித்தூள் பறந்தது. கண்ணை மூடினால் ஓரத்தில் மின்னல் வெட்டியது. மழை கூடியிருக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

வாசலில் நின்று, பனி வருகிறது, கொடியில் கிடக்கிற துணியை எடு என்று விஜியிடம் சொன்னேன். என் மனைவி வெளியே வந்தாள்.

"நல்லா வெயில் அடிக்குதுங்க," என்றாள்.

அந்த இடத்தில்தான் பயம் வந்தது. எனக்கு இருப்பது அந்த ஒரு கண்தான். இடது கண் சின்ன வயதிலேயே விறகுச் சிராய் தெறித்துப் போய்விட்டது; அது முகத்தில் இருக்கிறது, வேலைக்கு வருவதில்லை. மிச்சமிருந்த கண்ணில் வெயிலுக்குள் பனி பெய்துகொண்டிருந்தது.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் வார்டுக்கு வெளியே இருக்கிற வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மற்ற வரிசைகளைப் போல அல்ல. கருமணியை விரிக்கிற சொட்டு மருந்தை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டிரு என்று சொல்லிவிடுவார்கள். வரிசை முழுக்கக் கண்மூடி உட்கார்ந்திருக்கும். பக்கத்து ஆளின் முழங்கால் நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். தூங்குகிறவர்களா, கும்பிடுகிறவர்களா என்று தெரியாதபடி நாங்கள் எல்லோரும் ஒரு கதவை நோக்கி அங்குலம் அங்குலமாக ஊர்ந்தோம்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னார். நர்ஸ் மிஸ் அதைத் தமிழில் சொன்னார். விழித்திரை கழன்றிருக்கிறது. விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கிற மெல்லிய சவ்வு. நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. நான் அதை எனக்குப் புரிகிற மாதிரி நினைத்துக்கொண்டேன்: லயத்துச் சுவரில் ஒட்டிய பழைய பத்திரிகைத் தாள், மழைக்காலத்தில் ஈரம் குடித்து மூலையிலிருந்து சுருண்டு தொங்குமே, அதுதான் எனக்குள் நடந்தது. ஒட்டிவிடலாம் என்றார் டொக்டர். ஆனால் ஏற்கெனவே நனைந்த தாளில் எழுத்து எவ்வளவு மிஞ்சும் என்பதை இப்போது சொல்ல முடியாதாம்.

எழுத்து. என் சோறே அதில்தான்.

நான் பண்டாரவளையில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் போன் பார்க்கிறவன். சுற்றியிருக்கிற தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் துண்டு நிலத்தில் போஞ்சி, லீக்ஸ், கோவா என்று மரக்கறி போடுகிறவர்கள் எனக்குப் போன் எடுப்பார்கள்: இத்தனை மூட்டை இருக்கிறது, இன்ன சந்தியில் வைத்திருக்கிறோம். நான் அன்றைய விலையைச் சொல்லி, லொறிக்காரனுக்கு வழியைச் சொல்லி, யார் சரக்கும் வெயிலில் வாடாமல் ஏற்றிவிட வேண்டும். கால் ஒரு இடத்தில் நிற்காது எனக்கு. கடையின் முன்னும் பின்னும் நடந்துகொண்டே பேசுவேன். தேயிலை மலையில் பிறந்தவனுக்கு மலைக்குப் போகாமல் கிடைத்த வேலை அது. அது போனால் இந்த வயதில், இந்தக் கண்ணோடு, வேறு ஒன்று இல்லை.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் முதலாளி பார்க்க வந்தார். நாங்கள் ஹாஜியார் என்போம். தோடம்பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனுசன்.

"கண்ணு தெரியாம போன் பாக்க ஏலாதே," என்றார். "மகன் வேற ஒரு ஆள பாத்து வெச்சிருக்கான். நான் பெரிய சந்த வரைக்கும் பொறுன்னு சொல்லியீக்கிறன். அதுக்கு மேல என்னால ஏலா."

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய சந்தையைத்தான் சொன்னார். அன்று சரக்கு இரட்டிப்பாக வரும். அதுவரை எனக்குத் தவணை.

மயக்கவில்லை, கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்து வேலை செய்தார்கள். கண்ணுக்குள் நடக்கிற வேலையை அந்தக் கண்ணாலேயே பார்த்தேன். இருட்டுத் தண்ணீரில் மெல்லிய ஊசிகளின் நிழல் நீந்தியது. கடைசியில் ஒரு வெள்ளி வட்டம் உள்ளே வந்து உட்கார்ந்தது. அது வாயுக் குமிழி. கழன்ற சவ்வு ஒட்டும்வரை உள்ளிருந்து அழுத்திப் பிடித்திருக்க ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் குமிழி. மேசன்மார் மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் குமிழி எப்போதும் மேல் பக்கமே போய் நிற்கும் அல்லவா? என் சவ்வு கண்ணின் பின்னால் இருக்கிறது. பின்பக்கம் மேல் பக்கமாக வேண்டுமென்றால் நான் குப்புறக் கிடக்க வேண்டும். சாப்பிடுகிறபோதும், தூங்குகிறபோதும், முகம் நிலத்தைப் பார்த்தபடி.

ஓரிடத்தில் நிற்காதவனுக்கு இப்படி ஒரு மருந்து. நெற்றியைக் கட்டிலின் விளிம்பில் கொடுத்துக் கிடந்தேன். உலகம் ஒரு சீமெந்துத் தரையாகச் சுருங்கியது. செருப்புகளின் சத்தத்தை வைத்து ஆளைப் பிரித்தறியப் பழகினேன். பார்வையாளர் நேரத்தில் விஜி வருவாள். வந்ததும் கட்டிலுக்குக் கீழே புகுந்து மல்லாந்து படுத்துக்கொள்வாள். "இப்பதான் மூஞ்ச பாத்து பேச முடியுது," என்பாள். எனக்கு அவள் ஒரு மங்கிய வட்டம். வாயில் சோற்றை அங்கிருந்தே ஊட்டுவாள், பாதி அவள் கழுத்தில் விழும். மிஸ் திட்டினார். மறுநாள் அதே மிஸ் ஒரு பழைய விரிப்பைக் கொண்டுவந்து தரையில் போட்டுவிட்டுப் போனார்.

பக்கத்துக் கட்டில் யோகராஜா. மடுல்சீமைப் பையன், முப்பது இருக்கும். பிறவியிலிருந்தே பார்வையில்லை. தேயிலை ஃபெக்டரியில் பொதி கட்டுகிற வேலை. பார்க்காத கண்ணுக்கும் வலி வரும் என்பது அவனைக் கண்ட பிறகுதான் தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, தலை பிளக்கிற வலி. அந்தக் கண்ணை எடுத்துவிட வந்திருந்தான். எடுத்த பிறகு அவன் முகம் கொண்டாட்டமாகிவிட்டது. "எதுக்கும் ஒதவாம ஒக்காந்து கரைச்சல் குடுத்த சொந்தக்காரன் போயிட்டான்," என்றான்.

வார்டு முழுக்க அவனைப் பார்த்துச் சிரித்தது. காரணம் அவனுடைய போன். திரை எப்போதும் கறுப்பு. அந்தச் செத்த போனை விரலால் தடவித் தடவிக் காதில் வைப்பான். உள்ளிருந்து வண்டு பறக்கிற மாதிரி ஒரு சத்தம். எதிர்க் கட்டில் பெரியவர், பாவம், பையனுக்கு மூளையும் கொஞ்சம் அப்படித்தான் என்று சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவனுக்கும் கேட்டது.

"ஐயா, எனக்கு எதுக்கு வெளிச்சம்? திரைய அணைச்சு வெச்சா பெட்டரி மிச்சம்," என்றான். "ஒங்க போன் மத்தியானத்துக்குள்ள செத்துடுது. என்னோடது மூணாம் நாளும் உசுரோட இருக்கும்."

அந்த வண்டுச் சத்தம் பேச்சு என்பதை அவன்தான் சொன்னான். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்கிற வசதி எல்லாப் போனிலும் இருக்கிறதாம், வாங்கும்போதே. அவன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறான்; பழகின காதுக்கு அது போதும். என் போனை வாங்கி, சத்தம் கூட்டுகிற குறைக்கிற இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தான். ஒரு பெண் குரல் தமிழில் எழுந்தது. எத்தனை வருடமாக இவள் என் சட்டைப் பைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள்?

விரல் பட்டால் பெயரைச் சொல்வாள். இரண்டு தரம் தட்டினால்தான் திறப்பாள். நகர்த்த இரண்டு விரல் வேண்டும். கேட்க எளிது. போனைத் தரையில், என் முகத்துக்கு நேர் கீழே வைத்துக்கொண்டு கையைத் தொங்கவிட்டுப் பழகினேன். முதல் நாள் ஒன்றைத் தட்டப் போய் வேறொன்றைத் தட்டி, லொறிக்காரரும் தோட்டத்துச் சனமும் இருக்கிற கடைக் குரூப் முழுவதற்கும் வீடியோ அழைப்புப் போய்விட்டது. லொறிக்காரன் ஹாஜியாரிடம் கலவரமாகச் சொன்னது கேட்டது: "மொதலாளி, தரையும் செருப்பும்தான் தெரியுது. ஆளு விழுந்துட்டாரு போல." நான் குப்புறக் கிடந்தபடி, விழவில்லை, வைத்தியம் என்று கத்தினேன். யோகராஜா சிரித்த சிரிப்பில் அவன் கட்டு அவிழ்ந்து மிஸ்ஸிடம் ஏச்சு வாங்கினான்.

சிரிப்பைவிட அவன் ஏச்சு எனக்கு உதவியது. "அண்ணே, நீங்க இன்னும் தெரியிற ஆளு மாதிரியே விரல வைக்கிறீங்க. அவசரப்படாதீங்க. அது சொல்லி முடிக்கட்டும்." ஒரு குரல் சொல்லி முடிக்கும்வரை நான் காத்திருந்ததே இல்லை. கற்றுக்கொண்டேன்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டொக்டர் எச்சரித்தார்: குமிழி கரைகிற வரைக்கும் ப்ளேனில் போகக்கூடாது, உயரமான இடத்துக்கும் போகக்கூடாது, மேலே போகப் போகக் குமிழி வீங்கும், கண் தாங்காது. என்னைக் கூட்டிப்போக வந்தவன் விஜியின் தம்பி குமார், த்ரீவீல் ஓட்டுகிறவன். ப்ளேனா என்று அவன் சிரித்துவிட்டான். எங்கள் பரம்பரையில் ப்ளேனை அண்ணாந்து பார்த்ததோடு சரி. உயரமான இடம் என்றால் நமுனுகுலை மலை ஏறுவது, மரம் ஏறுவது. அதுவும் நாங்கள் செய்யப்போவதில்லை. வீடு எங்கே என்று டொக்டர் கேட்டார். வெளி ஆட்கள் கேட்டால் எங்கள் சனம் தோட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை, சொன்னாலும் யாருக்கும் தெரியாது. மாவட்டத்துப் பெரிய டவுனின் பெயரைச் சொல்லிப் பழக்கம். "பதுளைதான் டொக்டர்," என்றான் குமார். டொக்டர் திருப்தியாகத் தலையாட்டியிருப்பார். பதுளை பள்ளத்தில் கிடக்கிற ஊர்.

எங்கள் வீடு உயரமான இடம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பிறந்த இடம் எப்படி உயரமாக இருக்கும்? அது தரை. மற்றதெல்லாம்தான் பள்ளம்.

ஹாலிஎலை தாண்டும்வரை ஒன்றும் இல்லை. நான் பின் சீட்டில் விஜியின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தேன். தெமோதரை வளைவுகளில் வண்டி ஏற ஏறக் கண்ணுக்குள் யாரோ பெருவிரலை வைத்து வெளியே தள்ளுகிற மாதிரி இருந்தது. பிறகு முழுக் கை. வெள்ளி வட்டம் விரிந்து, ஓரமாகத் தெரிந்த கொஞ்ச வெளிச்சமும் அணைந்தது. வாந்தி வந்தது. குமார் வண்டியை நிறுத்தி, பித்தமாக இருக்கும், தேசிக்காய் வாங்கித் தரவா என்றான்.

நான் இன்னும் வார்டில் இருந்த யோகராஜாவுக்குப் போன் எடுத்தேன். அவன் பெயரை அந்தக் குரல் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, இரண்டு தரம் தட்டினேன். என் வாழ்க்கையில் மிக நீளமான பெயர் அது. அழுத்தம் ஏறுகிற வலியைப் பற்றி எனக்குத் தெரிந்தவர்களில் அறிந்தவன் அவன் ஒருவன்தான். என்னை அவன் சொல்லி முடிக்கவிடவில்லை.

"எங்கண்ணே இருக்கீங்க? தெமோதரையா? ஏறுறீங்களா எறங்குறீங்களா?"

"ஏறுறோம்."

"எறங்குங்க. இப்பவே திருப்பச் சொல்லுங்க. நான் மிஸ்கிட்ட சொல்றேன்."

குமார் நடுரோட்டில் திருப்பினான். பின்னால் வந்த பஸ் ஏசியது. இறங்க இறங்கப் பெருவிரல் தளர்ந்தது. ஹாலிஎலையில் மூச்சு விட்டேன். வார்டில் அழுத்தம் குறைக்கிற மாத்திரையும் சொட்டும் தந்தார்கள். டொக்டர் ஏசவில்லை. உங்கள் வீடு எங்கே என்று மறுபடி கேட்டார். இந்த முறை விஜி தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம் எல்லாம் சொன்னாள். சவ்வு தப்பியிருந்தது. அதைக் கேட்டு வெளியே வராந்தாவில் குமார் அழுததாகப் பிறகு தெரிந்தது. அந்த அழுகையை மறைக்க, "மச்சான், இனிமே ஒங்கள நான் கடல்ல கொண்டுபோய் விடுறேன்," என்றான்.

ஆக, குமிழி கரைகிறவரை மலையேறத் தடை. பதுளையில் என் தங்கை வீட்டுத் தரையில் பாயைப் போட்டார்கள். பெரிய சந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கடை மேலே, நான் கீழே. பதுளையிலிருந்தே போன் பார்க்கிறேன் என்று ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் தவணை கொடுத்தால் கொடுத்ததுதான் என்று கடை நம்பரை எனக்குத் திருப்பிவிட்டார்.

இப்போது எப்படித் தெரிகிறது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குமிழி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, பார்வையின் அடியில் தளும்புகிற ஒரு தண்ணீர்க் கோடாகி, பிறகு பட்டாணியாகி, ஒரு காலையில் இல்லாமல் போனது. வீட்டுக்கு ஏறிவிட்டேன். ஆள் தெரிகிறது, படி தெரிகிறது, விஜி சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்பது கிட்டப் போனால் தெரிகிறது. பச்சை திரும்பி வந்தது. அதற்காக ஒரு முழு நாள் தேயிலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எழுத்து மட்டும் வரவில்லை. வராது என்கிறார்கள். இதைக்கூடப் போனிடம் வாயால் சொல்லித்தான் எழுதுகிறேன்.

அன்றைக்குத் தங்கை வீட்டில் இதெல்லாம் தெரியாது. குப்புறக் கிடந்து அழைப்புகளை எடுத்தேன். யார், எந்தச் சந்தி, எத்தனை மூட்டை என்பது மனதில் தங்கியது, எப்போதும் போல. வந்த செய்திகளைப் போனுக்குள் இருக்கிறவள் வாசித்தாள். ஒரே ஒரு இடத்தில் முட்டினேன். விடியற்காலையில் ஹாஜியாரின் மகன் ரிஸ்வான் அன்றைய விலைகளைக் கரும்பலகையில் எழுதி, படம் பிடித்துக் குரூப்பில் போடுவான். வருடக்கணக்கான வழக்கம். அந்தக் குரல் அதைப் பார்த்து ஒரே சொல் சொன்னது: படம். மறுபடி தொட்டேன். படம். விலை தெரியாமல் நான் தோட்டக்காரர்களிடம் என்ன சொல்வது?

ரிஸ்வானிடம் கேட்டேன். பையன் கெட்டவன் இல்லை, வியாபாரி. "அண்ணே, எல்லாருக்கும் படம்தான் பழக்கம். ஒங்க ஒராளுக்காக மாத்த ஏலுமா?" என்றான். தங்கை வாசித்துத் தந்தாள், ஆனால் விடியும் முன்பே அவள் வேலைக்குப் போகிற நாட்களும் உண்டு. பெரிய சந்தை அப்படி ஒரு நாளில்தான் வந்தது.

படம் விழுந்தது. வீட்டில் யாரும் இல்லை. விஜி தோட்டத்துக்குப் போயிருந்தாள். அழைப்புகள் வரத் தொடங்கின. நான் ஹாஜியாருக்கு எடுத்தேன். சுபஹு தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். மொதலாளி, பலகையில் இருப்பதை ஒரு தரம் எனக்கு வாசித்துச் சொல்லுங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனை வைத்துவிட்டார். முடிந்தது என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் குரூப்பில் ஒரு குரல் வந்தது. எனக்கு மட்டும் அனுப்பத் தெரியாமல், மைக் படத்தை அழுத்திக்கொண்டு ஹாஜியார் எல்லோருக்கும் பேசியிருந்தார். முதலில் ஒரு நீண்ட இருமல். பிறகு, "போஞ்சி," என்று தொடங்கி, லீக்ஸ், கரட், கோவா, ஒவ்வொன்றாக, பெயர் கூப்பிடுகிற மாதிரி, விலை விலையாக. நடுவில், "டேய், அந்த வெளக்கப் போடு, ஒண்டும் தெரியுதில்ல," என்று யாரையோ ஏசினார். அதுவும் எல்லோருக்கும் போயிருந்தது.

நான் வேலையைத் தொடங்கினேன். முதல் அழைப்பு பாப்பாத்தி அக்கா. ஹல்துமுல்லைப் பக்கத்து மேல் லயத்தில் போஞ்சி போடுகிறவர், அதிகம் பேசாதவர்.

"தம்பி, இனிமே தெனம் ஹாஜியாரே பேசுவாரா?"

ஏன் அக்கா என்றேன்.

"எனக்கு எழுத்து தெரியாதுல்ல. ஒங்க லைனும் விடிய முன்ன லேசுல கெடைக்காது. பக்கத்து வீட்டு புள்ள எந்திரிச்சு படிச்சு சொல்றதுக்குள்ள லொறி போயிரும். பொறகு வர்ற யாவாரி குடுக்கறத வாங்கிக்கிட்டு வருவேன். இன்னைக்குத்தான் வெல தெரிஞ்சு மூட்டைய கட்டினேன்."

அவர் ஒருவர் மட்டும் இல்லை. அன்று விடிவதற்குள் அந்தக் குரூப்பில் அதுவரை ஒரு வார்த்தை எழுதாதவர்கள் பேசத் தொடங்கினார்கள். மழையிலிருந்து, மாட்டுக் கொட்டிலிலிருந்து, பிள்ளை அழுகிற அடுப்படியிலிருந்து குரல்கள் வந்தன. என் முகத்துக்குக் கீழே அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டில் எங்கள் ஊவா மலை முழுக்கக் கூடிப் பேசியது. மூட்டைகள் முன்னைவிட விரைவாகச் சந்திக்கு வந்தன. ஒரு சரக்கும் வாடவில்லை. லொறி கொழும்புக்கு இறங்கியபோது என் கழுத்து மரத்துப்போயிருந்தது. நெஞ்சு மரக்கவில்லை.

பகலில் ஹாஜியார் எடுத்தார். நான் எழும்பாமலே பேசினேன்.

"மகன் பாத்த ஆள வேணாமுண்டு சொல்லிட்டன்," என்றார். பிறகு, "நாளைக்கும் நான்தான் வாசிக்கணுமா?"

"ஆமா மொதலாளி. ஆளுக ஒங்க கொரலத்தான் கேக்கறாங்க."

மறுமுனையில் பிளேன்டீ உறிஞ்சுகிற சத்தம். யோசிக்கிறார் என்று தெரிந்தது. நான் அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அப்ப இருமிட்டுப் பொறகு அமுக்கறன்," என்றார் ஹாஜியார்.